ஒன்றரை மணி தூரம்

நடு சீட்டில் ஆள் இல்லை. கதவைச் சாத்துகிற வரைக்கும் எவனாவது ஒருத்தன் மூச்சு வாங்க ஓடிவந்து அதில் விழுந்துவிட மாட்டானா என்று சென்னியப்பன் முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு வரிசை தள்ளி மூன்று சீட்டும் மொத்தமாகக் காலி. அதற்கும் முன்னால் ஒருத்தன் பக்கத்துச் சீட்டில் மடிக்கணினியையும் அதற்கடுத்த சீட்டில் சாப்பாட்டுப் பையையும் உட்கார வைத்திருந்தான். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னாலும் இருக்கும், இல்லாமலா போகும். டிக்கெட்டே இல்லைன்னுட்டான் கண்ணு, ஒத்தச் சீட்டுகூட இல்லையாமா, ஐதராபாத்துக்கு எல்லாச் சனமும் இப்பத்தான் கெளம்புதாட்ட இருக்குது. அப்படித்தான் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒரே மகளிடம், தொண்டை கொஞ்சம்கூடக் கமறாமல். தாரணி அந்தப் பக்கத்திலிருந்து, “சரிங்கப்பா, பரவால்ல உடுங்க,” என்றாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசுகிறவள் இல்லை. அவருடைய ரத்தம், மல்லுக்கு நிற்கிறவள். ஏன் இல்லை, எந்த வண்டியில் இல்லை, எந்தக் கடையில் கேட்டீர்கள் என்று அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவருக்குக் கோபமாவது வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது கரையேறியிருப்பார். பரவால்ல உடுங்க என்றுவிட்டாள். நடு சீட்டின் பெல்ட்டை யாரோ ஒழுங்காக மடித்து, ஒரு நுனிமேல் இன்னொரு நுனியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரியே இருந்தது அது.

“ஆளில்லீங்களே, பையை வெச்சுக்கறனுங்க,” என்று நடைவழிப் பக்கம் இருந்த அம்மாள் கைப்பையைத் தூக்கி அந்தச் சீட்டில் வைத்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல சதைப்பிடிப்பு, காலில் பையன்கள் போடுகிற மாதிரி வெள்ளை ஷூ. பேர் மனோரஞ்சிதம் என்று இவர் கேட்காமலே சொல்லிவிட்டாள், ஒண்டிப்புதூர் என்றும், மகன் ஐதராபாத்தில் இருக்கிறான் என்றும். “நான் மாசத்துக்கு ஒருக்கா போயிட்டு வந்துருவனுங்க. இங்கிருந்து தாராபுரம் போறதுக்குத்தான் எனக்குச் சங்கட்டம். பஸ்ஸுல உக்காந்து உக்காந்து இடுப்பு போயிரும். இது பாருங்க, ஏறுனா எறங்கிக்கலாம். உங்களுக்கு அங்க ஆருங்க?” மகள் என்றார். “அட, அப்ப அடிக்கடி போவீங்க.” போவோம் என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டலே பொய். ரெண்டு வருஷமாக அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறவர். அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு குரல் இங்கிலீசில் கரகரத்தது. அவருக்குப் புரிந்தது ஐதராபாத் என்ற ஒரு வார்த்தைதான். மனோரஞ்சிதம் சாய்ந்துகொண்டு, “காத்து இன்னைக்கு நம்ப பக்கமாம். ஒன்றரை மணி நேரங்கூட ஆகாதாம், ஒண்ணே கால்லயே எறக்கிருவாங்களாம்,” என்றாள். ஒன்றரை என்றுதான் தாரணி சொன்னாள். அந்த ஒன்றரையே சென்னியப்பனுக்குப் போதாமல் இருந்தது, அதற்குள் என்னத்தை யோசித்து என்னத்தைச் சொல்வது என்று. அதிலும் குறைத்துவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தி, எழுந்து போய், திரும்பி வந்து, தரையில் துப்பி, சாமி மேல் சத்தியம் செய்துதான் எதையும் குறைத்திருக்கிறார். கேட்காமல் ஒருத்தன் தானாகக் குறைத்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் வேண்டாத நேரத்தில்.

விமானம் தூக்கியபோது வயிறு பின்னால் தங்கிவிட்டது. கோயமுத்தூர் சாய்ந்து, ஓட்டுக்கூரையும் மொட்டைமாடியும் கருப்புத் தண்ணீர்த் தொட்டிகளுமாக அவர் ஜன்னலுக்குள் வந்து போனது. இந்த உயரத்திலிருந்து பார்த்தால் எது இடிக்கிற வீடு எது இருக்கிற வீடு என்று தெரியவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நேரத்திலும். தொழில் அப்படி. பழைய வீட்டை மொத்தமாக விலை பேசி வாங்கி, இடித்து, கதவு ஜன்னல் உத்தரம் தூண் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்து உக்கடத்துக்குப் பக்கத்தில் தன் கிடங்கில் அடுக்கி விற்பது. பதினான்கு வயதில் கடப்பாரை பிடித்தார்; ஆணி பிடுங்குகிற வேலையில் ஒரு நாள் கூலியைக் கேட்டதற்கு முதலாளி எல்லார் முன்னாலும் அறைந்தான். அன்றைக்குத் தெரிந்துகொண்டது, கேட்கிறவனை அறைவார்கள், எழுந்து போகிறவனைக் கூப்பிடுவார்கள் என்று. அதைத்தான் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரன் விலை சொன்னால் இவர் பதில் சொல்வதில்லை. கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், நல்ல தேக்காகவே இருந்தாலும் முகத்தைச் சுளிப்பார், உள்ளே பூச்சி என்பார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். செருப்பை மாட்டுவதில்தான் சூட்சுமம். மெதுவாக மாட்ட வேண்டும். ஒரு கால், அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் இன்னொரு கால். அதற்குள் கூப்பிட்டுவிடுவான். “ஏனுங்க, கொஞ்சம் இருங்க” என்று பின்னாலிருந்து வருகிற அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் கிடங்கு வாங்கினார், லாரி வாங்கினார், தாரணியை என்ஜினீயரிங் படிக்க வைத்தார். விமானத்தின் உள்சுவரை அவர் கை தானாக முட்டியால் தட்டிப் பார்த்தது. பிளாஸ்டிக். உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம். கையை மடியில் வைத்துக்கொண்டார், யாரும் பார்த்தார்களோ என்று.

அவளிடமும் அதைத்தான் செய்தார். வம்சி என்று ஒருத்தர், கூட வேலை பார்க்கிறார், தெலுங்குக்காரங்க, நல்ல மனுஷன் அப்பா, என்று அவள் சொன்னபோது அவர் ரசம் சாதத்தில் இருந்தார். கையை உதறிவிட்டு எழுந்தார். செருப்பை மெதுவாகத்தான் மாட்டினார். ஒரு கால், பெருமூச்சு, இன்னொரு கால். கூப்பிடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய், நிறுத்தி வைத்த கதவுகளுக்கு நடுவில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இல்லை ஒரு நாள் கூப்பிடுவாள் என்று அந்தப் பார்வையிலேயே ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் கல்யாணம் முடிந்தது. அவர் மனைவி ருக்குமணி மட்டும் போய்வந்தாள், வந்ததும் மஞ்சள் பையிலிருந்து லட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் தொடவில்லை. எறும்புதான் தின்றது. அதற்கப்புறம் கூப்பிட்டது இந்தத் திங்கட்கிழமைதான். எடுத்த எடுப்பில், “அப்பா, எனக்கு வியாழக்கெழம ஆபரேஷன்ங்கப்பா. கர்ப்பப்பைல கட்டி. கட்டிய மட்டும் எடுக்கறதா, மொத்தமா எடுக்கறதாங்கறது உள்ள போனாத்தான் தெரியுமாம். பயமா இருக்குது. நீங்க வந்து ஆஸ்பத்திரில ஆரையாவது ரெண்டு சத்தம் போட்டீங்கன்னா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும். ஒன்றரை மணி நேரந்தாங்கப்பா பிளைட்டு,” என்றாள். வந்தர்றேன் கண்ணு என்றார். உண்மையாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு கொஞ்ச நேரம் அழக்கூட அழுதார். அதுவும் உண்மைதான். அதையெல்லாம் யார் கணக்கில் சேர்ப்பார்கள்.

காந்திபுரத்தில் அந்த டிக்கெட் கடைக்கு மறுநாள் காலையிலேயே போய்விட்டார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு பெண், கம்ப்யூட்டரைத் தட்டி விலையைச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார். பழக்கம். “குறைச்சுச் சொல்லு அம்மணி,” என்றார். “இது கம்பெனி வெலைங்க, நாங்க போடறது இல்லீங்க.” “சரி, உங்க மொதலாளியக் கூப்புடு.” “மொதலாளி வந்தாலும் அதேதானுங்க.” “அட, ஒன்றரை மணி நேரத்துக்கு இந்த வெலையா? என்ன தூரம் அது? ரயில்ல ஒரு நாள் ஓடறான், அவன் எவ்வளவு வாங்கறான்?” அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “தூரத்துக்கு வெலை இல்லீங்க, எப்ப எடுக்கறீங்கங்கறதுக்குத்தான் வெலை. நாளைக்கு வந்தா இன்னும் ஏறிருக்கும்.” இந்த மாதிரி பயமுறுத்தல் எத்தனை பார்த்திருக்கிறார். நாளைக்கு வேற பார்ட்டி வர்றானுங்க என்று சொல்லாத வீட்டுக்காரன் உண்டா. துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்தார். வாசலில் செருப்பு. ஒரு கால். பெருமூச்சு. கண்ணாடிக் கதவின் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் உட்கார்ந்த நாற்காலியில் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான், அந்தப் பெண் அவனுக்காகத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதே திரும்பி உள்ளே போயிருக்கலாம். அந்த ஒரு கதவு. எத்தனை கதவைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார், அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியவில்லை. புதன்கிழமை போனபோது சொன்னபடியே ஏறியிருந்தது. நேற்றுச் சொன்ன விலைக்குக் கொடு என்று சத்தம் போட்டார். நேத்தே எடுத்திருக்கோணுங்க என்றாள். மேசையைத் தட்டினார், அவளுடைய டம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டியது, உள்ளேயிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தான், ஏனுங்க பெரியவரே என்றான். பெரியவரே. அந்தச் சொல்லோடு வெளியே வந்தவர்தான், அப்புறம் அது விலை இல்லை, மானம் ஆகிவிட்டது. இறங்கட்டும், நாளைக்கு இறங்கும், எவனும் காலிச் சீட்டை ஓட்டிக்கொண்டு போக மாட்டான், கடைசியில் கூப்பிட்டுக் கொடுப்பான், சாயங்காலச் சந்தையில் தக்காளியைக் கூவி விற்கிற மாதிரி. அன்று சாயங்காலம்தான் தாரணிக்குப் போன் போட்டு, ஒத்தச் சீட்டுகூட இல்லை என்றது.

ருக்குமணிக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவர் கடையிலிருந்து திரும்பி வருவதற்குள் அவள் ரெண்டு சேலையையும் ஒரு பாட்டில் பருப்புப் பொடியையும் பையில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். “நான் ரயில்ல போறனுங்க. டிக்கெட் கெடைக்கலீன்னாலும் ஏறிக்கறேன்.” “பைத்தியக்காரி, ஒரு நாள் ஆகும். நான் பிளைட்டுல உனக்கு முன்னால போய் ஸ்டேசன்ல நின்னுட்டு இருப்பேன், பாத்துக்க.” அவள் அவரைப் பார்த்தாள். “சரிங்க,” என்றாள். கழிவறைக்குப் பக்கத்தில் காகிதம் விரித்து உட்கார்ந்து போனாளாம், சேலையெல்லாம் நனைந்துவிட்டதாம், புதன்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தலை சீவிவிட்டாளாம். அதைச் சொல்லும்போதும், டிக்கெட் கிடைக்கவில்லை என்று இவர் சொன்னபோதும், அதே சரிங்க. வம்சிகூட அன்றைக்கு மத்தியானம் ஒருதரம் போன் செய்தான். அவனுக்குத் தமிழ் பாதிதான், தாரணியிடம் கற்றது; மாமனாரைத் தெலுங்கில் மாமகாரு என்பான். “மாமகாரு, சீட்டு நிறைய இருக்கு. நான் இங்கேர்ந்து போட்டுடறேன்?” “என்ற டிக்கெட்ட நானே எடுத்துக்குவனுங்க,” என்றார், பொசுக்கென்று. அப்படியானால் அவனுக்குத் தெரியும். சீட்டு இருந்தது என்று புதன்கிழமையே அவனுக்குத் தெரியும். அவன் தாரணியிடம் சொல்லியிருப்பானா, சொல்லாமலிருப்பானா. சொன்ன பிறகுதான் அந்தப் பரவால்ல உடுங்க வந்ததா. ஜன்னலுக்கு வெளியே மேகம், பஞ்சு மூட்டையைக் கிழித்துக் கொட்டின மாதிரி, ஒரு அசைவும் இல்லாமல். போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நின்றால் நல்லது. இப்படியே நிற்கட்டும்.

“டீ குடிக்கறீங்களா?” மனோரஞ்சிதம்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் அவர் பக்கம் குனிந்து சிரித்தாள். எவ்வளவு என்று கேட்டார், விலையைக் கேட்டதும் அவர் வாய், அவரைக் கேட்காமல், “அதுல பாதி போட்டுக்க அம்மணி,” என்றது. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மனோரஞ்சிதம் வயிறு குலுங்கச் சிரித்தாள். “அய்யோ சாமி, ஆகாசத்துலயே பேரம் பேசற ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். கொறைக்கலீன்னா என்ன பண்ணுவீங்க, எந்திரிச்சுப் போயிருவீங்களா?” சும்மா சொன்னதுதான். முன்சீட்டுக்காரன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சென்னியப்பனும் சிரித்தார், சிரித்த வாய் சிரித்தபடியே நிற்க, காது ரெண்டும் சுட்டது. எழுந்து போவதுதானே. எழுந்து எங்கே போவது, சுற்றிலும் ஆகாசம். டீ வேண்டாம் என்றார். வாய்க்குப் பழக்கம் அம்மா, ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே, என்று சொல்லத் தோன்றியது. வாய்தான். எல்லாம் இந்த வாய். நேற்று மத்தியானம் இந்த வாய் செய்ததை நினைக்க வேண்டாம் என்றுதான் விமானம் ஏறினதிலிருந்து சீட்டையும் மேகத்தையும் கடைக்காரியையும் ருக்குமணியையும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது மட்டும் வேண்டாம். எல்லாவற்றையும் நினைத்துக்கொள்ளலாம், அது வேண்டாம். சாயிபாபா காலனியில் ஒரு வீடு. வேண்டாம் என்றால் நிற்கிறதா.

சாயிபாபா காலனியில் ஒரு வீடு. ரிட்டையர்டு ஆன ஒரு மனுஷர், பிள்ளைகள் பங்கு கேட்பதால் இடிக்கக் கொடுக்கிறார். தாரணியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிற நேரம் அது, அவருக்குத் தெரியும். வீட்டில் உட்கார முடியவில்லை, கிடங்கில் நிற்க முடியவில்லை, அதனால்தான் அங்கே போனார்; இது சாக்கு இல்லை. போனால் முன்வாசலில் ஒரு ரெட்டைக் கதவு. இப்போதெல்லாம் அந்த மாதிரி மரத்தைப் பார்க்கக் கிடைக்காது. தட்டினார், மணி மாதிரி நிறைவாக ஒரு சத்தம். முகத்தைச் சுளித்தார். உள்ளே பூச்சி என்றார். அந்த மனுஷர் இறங்கி வரவில்லை, கதவு மட்டும் தனி விலை என்று பிடிவாதம். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. வம்சி. “மாமகாரு, முடிஞ்சு போச்சு. தாரணி நல்லா இருக்கு. கட்டி போச்சு. கானி... ஆனா... கர்ப்பப்பையும் எடுத்துட்டாங்க. கண்ணு முழிச்சதும் அப்பா வந்தாச்சான்னு கேக்குது.” அவர் காதில் எல்லாமே விழுந்தது. ஒரு சொல் விடாமல் விழுந்தது. அந்த நேரத்தில் எதிரில் அந்த மனுஷர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், யார் போன் என்கிற மாதிரி, கொஞ்சம் பதற்றமாக. அந்தப் பதற்றத்தைப் பார்த்த உடனே வாய் திறந்துகொண்டது. “சரி சரி. அதே வெலைன்னா எடுத்து வை, நான் இப்பவே கெளம்பி வர்றேன்.” போனில்தான் சொன்னார். வம்சியிடம்தான் சொன்னார். “மாமகாரு?” என்றான் அவன். கட் செய்துவிட்டுத் துண்டை உதறினார். “வேற எடத்துல கூப்புடறானுங்க. வர்றேன்.” செருப்பில் ஒரு கால்தான் நுழைந்திருந்தது. ஏனுங்க, கொஞ்சம் இருங்க. கதவு அவர் சொன்ன விலைக்கே வந்தது. இதுகூடப் பரவாயில்லை. இதற்கு அப்புறம் ஒன்று இருக்கிறது. முடித்துவிட்டு வெளியே வந்து வண்டியில் சாவியைப் போடுகிற வரைக்கும், அந்த வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும், அவர் சந்தோஷமாக இருந்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷம். மீசையைக்கூடத் தடவிக்கொண்டார். சாவியைத் திருப்பும்போதுதான் கை நின்றது. அப்பா வந்தாச்சான்னு கேக்குது. அங்கிருந்து நேராகக் காந்திபுரம் போனார். அந்தப் பெண் எழுந்து நின்றுகொண்டாள், அடிக்க வருகிறார் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் விலை கேட்கவில்லை. குடு அம்மணி என்றார். அது ஒன்றும் பெருமை இல்லை. கால் வெட்டுப்பட்ட பிறகு செருப்பை நல்லதாக வாங்குகிற மாதிரிதான்.

வம்சி என்ன நினைத்திருப்பான். எடுத்து வை என்றால் எதை. எந்த மனுஷன், மகளுக்குக் கர்ப்பப்பை போய்விட்டது என்று கேட்டதும் அதே விலைன்னா எடுத்து வை என்பான். மாமனாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருந்தால் தேவலை. தாரணியிடம் அப்படியே சொல்லியிருந்தால்? அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும். சின்ன வயதில் அவளையும் சில வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் துண்டை உதறினால் அவளே ஓடிப்போய்ச் செருப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவர் மாட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவளிடம் இந்த வித்தை செல்லாது. செல்லாது என்றால் என்ன சொல்வது. சிக்னல் சரியில்லை, காதில் விழவில்லை என்று சொல்லலாம். லைனில் வேறொருத்தன் இருந்தான் என்று சொல்லலாம். சேதி கேட்டு மூளை கலங்கி எதையோ உளறிவிட்டேன் என்று சொல்லலாம். அது பாதி நிஜம், நம்புவாள், அழக்கூட அழுவாள், பாவம் அப்பா என்பாள். பாவம் அப்பா. அந்தச் சொல்லை அவர் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், இனித்தது, இனித்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே பாறையும் ஏரியும் கட்டடங்களுமாக ஒரு ஊர் திரும்பியது. “கீழ எடம் இல்லியாமா, சித்த நேரம் சுத்திட்டு எறக்கறாங்களாம்,” என்றாள் மனோரஞ்சிதம். “எப்பவும் இப்படித்தான், பக்கத்துல வந்துட்டு ரவுசு பண்ணுவாங்க.” அப்பாடா என்றிருந்தது சென்னியப்பனுக்கு. நன்றாகச் சுற்றட்டும். அப்பாடா என்று நினைத்ததை அவரே கேட்டார். மகள் வயிற்றில் தையலோடு கிடக்கிற ஊர் காலுக்குக் கீழே இருக்கிறது, இறங்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு தகப்பன் ஆகாசத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறான். இவ்வளவு தூரம்தானா இது. மேகத்தைப் பார்த்து முடிவதற்குள் வந்துவிடுகிற இந்தத் தூரத்தையா ரெண்டு வருஷம் ஒரு மலை மாதிரி தூக்கி நடுவில் வைத்திருந்தோம். தூரமாகக் கொடுத்துவிட்டேன், அதான் போக முடியவில்லை என்று எத்தனை பேரிடம் சொன்னார், சொந்தம் ஒறம்பரை வீடுகளில், டீக்கடையில். கொடுத்தாராம். அவர் எங்கே கொடுத்தார். காது அடைத்துக்கொண்டது. எச்சிலை விழுங்கினார், போகவில்லை. நடு சீட்டுக் கைப்பை அவர் பக்கம் சரிந்து வந்து தொடையில் மோதியது. அவர் அதைத் தள்ளவில்லை.

சக்கரம் தரையில் மோதியது. ஓடி நின்றதும் நிற்காததுமாக எல்லாரும் எழுந்துவிட்டார்கள், மேலே இருந்து பைகள் இறங்கின, போன்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றுக் கத்தின. சென்னியப்பனும் எழுந்து, ஜன்னலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றார். போனை முடுக்கினார். கொஞ்ச நேரம் இருந்து அது அடித்தது. தாரணி. வெளியே வம்சி நிற்பான், அவனிடம் முதலில் பேசி எதையாவது அனுமானித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அதற்கு இடம் கொடுக்கவில்லை அவள். எடுத்தார். “எறங்கிட்டீங்களாப்பா?” குரல் வறண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. “எறங்கிட்டேன் கண்ணு. எப்படி இருக்குது கண்ணு?” “இருக்கறேன். பாத்தீங்களா, ஒன்றரை மணி நேரந்தான்னு சொன்னனல்ல.” ஆமா கண்ணு என்று சொன்னால் முடிந்தது. “இல்ல கண்ணு,” என்றார், “எனக்கு நாலு நாளு ஆயிப்போச்சு. டிக்கெட்டு இருந்துச்சு. மொதல்லயே இருந்துச்சு. வெலை கொறையட்டும்னு நாந்தான் எந்திரிச்சு வந்துட்டேன்.” மெதுவாகப் பேச அவருக்கு வராது. முன்னால் நின்ற மனோரஞ்சிதம் தலையைத் திருப்பி மேலே பைகள் வைக்கிற தட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் தாரணி, “தெரியுமுங்கப்பா,” என்றாள். “இவரு அன்னைக்கே சொன்னாரு. எனக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஆபரேஷன் முடிஞ்சு சொன்னப்பகூட நீங்க வெலை பேசிட்டுத்தான் இருந்தீங்களாமா. அதே வெலைன்னா எடுத்து வை, இப்பவே வர்றேன்னு போன்லயே கத்துனீங்களாமே, அந்த டிக்கெட்டுக்காரன்கிட்ட. இவரு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அதைக் கேட்டப்பறந்தான் எனக்கு மனசே ஆறுச்சு. உங்க புத்தி எங்க போகும். அப்படியாவது வரோணும்னு பேசிட்டு நின்னீங்கல்ல.”

வரிசை நகர ஆரம்பித்தது. மனோரஞ்சிதம் நடு சீட்டிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு நடைவழியில் இறங்கினாள். சென்னியப்பன் நடைவழி வரைக்கும் வந்து நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் ஒரு விலை வைக்கப்பட்டிருந்தது. அவர் கேட்காத விலை, இதைவிடக் குறைவாக யாரும் தர முடியாது. ம் என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எல்லாம் அவருக்கு. வம்சியே அந்தச் சாக்கைக் கட்டிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டான். மகளுக்கு மனசு ஆறிவிட்டதாம். ஆறின மனசைக் கிளறுவதா, தையல் போட்ட உடம்போடு இருக்கிறவளிடம். அவளுக்காகத்தான் சொல்லாமல் விடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளலாம். எவ்வளவு அழகான நினைப்பு. சாகிற வரைக்கும் வைத்துக் கும்பிடலாம். “அப்பா? இருக்கீங்களா?” “அது டிக்கெட்டு இல்ல கண்ணு,” என்றார். “அப்பறம்?” “கதவு. சாயிபாபா காலனில ஒரு வீட்டுக் கதவு. மாப்ள போன் பண்ணிச் சொல்றாரு, வீட்டுக்காரர் எதிர்ல நிக்கறாரு... அந்தப் போனை வெச்சு... வேற பார்ட்டி கூப்புடறான்னு அவுருகிட்டக் காட்டி வெலையக் கொறைச்சுட்டேன்.” மாப்ள என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் சத்தமில்லை. பேரத்தில் விலையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கக் கூடாது, முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். எத்தனை மௌனத்தைப் பல்லைக் கடித்துக் கடந்திருக்கிறார். இதைக் கடக்க முடியவில்லை. “கண்ணு,” என்றார், “கண்ணு, ஏதாச்சும் பேசு. திட்டு, வைய்யி.” ஆஸ்பத்திரி அறையில் ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவுவது கேட்டது. பக்கத்தில் ருக்குமணி யாரிடமோ வெந்நீர் கேட்பது கேட்டது. வெகுநேரம் கழித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாரணி கேட்டாள்:

“கதவு நல்ல கதவாப்பா?”

பூச்சி என்று வாயில் வரவில்லை. முகம் சுளிக்கவில்லை. “நல்ல கதவு கண்ணு,” என்றார். இத்தனை வருஷத் தொழிலில் விற்பதற்காக இல்லாமல் ஒரு சாமானை நல்லது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் மூக்கிலும் கண்ணிலும் நீர் இறங்கியது. “ரொம்ப நல்ல கதவு.” அவள் சிரித்தாளா, வலியில் முனகினாளா, ஸ்ஸ் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை; வைத்துவிட்டாள். வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. “சார், நகருங்க சார்,” என்று பின்னாலிருந்து எவனோ முதுகில் பையால் இடித்தான். சென்னியப்பன் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் பயந்து ஒரு அடி பின்வாங்கினான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத வாசலைப் பார்த்து நடந்தார்.